கிளாக் ஸ்பிரிங்கும் பொருந்தாத கப்ளரும்

காரின் ஸ்டியரிங் சக்கரத்துக்குப் பின்னால், அதன் தண்டைச் சுற்றி வளையம்போல் உட்கார்ந்திருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் டப்பாவுக்குப் பட்டறைகளில் கிளாக் ஸ்பிரிங் என்று பெயர். டொயோட்டா தன் பாகப் பட்டியலில் அதை ஸ்பைரல் கேபிள் என்கிறது. ஹோண்டா கேபிள் ரீல் என்கிறது. சாவி கொடுக்கும் பழைய கடிகாரத்தின் வில்லைப் போல உள்ளே ஒரு தட்டையான நாடா சுருண்டிருப்பதால் வந்த பெயர் கிளாக் ஸ்பிரிங். வடிவம்தான் வில்லை ஒத்தது. விசையைச் சேமித்து வைக்கும் வேலை அதற்கு இல்லை. சுழலும் சக்கரத்திலிருந்து சுழலாத வயரிங்குக்கு மின்தொடர்பை அறுபடாமல் கொண்டு சேர்ப்பதற்காகவே அது இருக்கிறது.

ஏர்பேக் இல்லாத பழைய கார்களில் இதற்கு எளிய வழி இருந்தது. ஸ்டியரிங்கில் மின்சாரம் வேண்டியது ஹார்னுக்கு மட்டும்தான். சக்கரத்தின் அடியில் ஒரு செம்பு வளையம், அதை உரசிக்கொண்டு நிற்கும் ஒரு பித்தளை முனை; அவ்வளவு போதும். வளையத்தில் தூசி படிந்தால் ஹார்ன் ஒரு கணம் விட்டு அடிக்கும். மறுபடி அழுத்தினால் சரியாகிவிடும். உரசும் தொடர்பின் குணமே அதுதான்: பெரும்பாலும் வேலை செய்யும், எப்போதாவது நூலிழை நேரம் கைவிடும்.

ஏர்பேக் அந்த நூலிழை நேரத்தைக்கூடத் தாங்காது. ஜான் ஹெட்ரிக் என்ற அமெரிக்கர் காற்றுப்பை யோசனைக்கு 1953இல் காப்புரிமை பெற்றார். வெடிமருந்தால் ஊதும் இன்றைய வகை ஏர்பேக்கை மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் கிளாஸ் கார் 1981 வாக்கில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பைக்குள் இருக்கும் பற்றவைப்பானின் மின்தடை சுமார் 2 ஓம். அதன் வழியே ஏறத்தாழ 1.2 ஆம்பியர் மின்னோட்டம் 2 மில்லிவிநாடி ஓடினால் அது பற்றிக்கொள்ளும். அடுத்த 30 மில்லிவிநாடி வாக்கில் பை உப்பி நிற்கும். மோதல் நடக்கும் அந்தக் குலுக்கலில் பித்தளை முனை வளையத்தை விட்டுத் துள்ளினால், மறுபடி அழுத்திப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. அதனால்தான் உரசல் இல்லாத, முனைக்கு முனை ஒரே செம்பாக ஓடும் நாடா தேவைப்பட்டது. இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் எல்லாப் புதிய கார்களிலும் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம். விலை குறைந்த சிறு காரிலும் இந்தச் சுருள் இன்று உண்டு.

நாடா எப்படி இரண்டு முனையும் கட்டப்பட்ட நிலையில் சுற்ற இடம் கொடுக்கிறது? ஒரு சின்னக் கணக்கு போட்டால் விளங்கும். டப்பாவின் உள் உருளை 5 சென்டிமீட்டர் குறுக்களவு, வெளிச்சுவர் 9 சென்டிமீட்டர் குறுக்களவு என்று கொள்ளலாம். நாடாவின் நீளம் 177 சென்டிமீட்டர். அதை முழுக்க உள் உருளையில் இறுக்கிச் சுற்றினால் ஏறத்தாழ 11.25 சுற்று வரும். முழுக்க வெளிச்சுவரோடு ஒட்டிப் படியவிட்டால் 6.25 சுற்றுதான் வரும். நீளம் மாறவில்லை, சுற்றின் எண்ணிக்கை மட்டும் 5 குறைந்திருக்கிறது. உள் உருளை சக்கரத்தோடு சுழல்கிறது, வெளிச்சுவர் அசைவதில்லை. ஆக, நாடா உள்ளே இறுகுவதற்கும் வெளியே தளர்வதற்கும் இடையில் சக்கரம் 5 சுற்று சுற்றிவிடலாம். நடுவிலிருந்து இடப்பக்கம் 2.5, வலப்பக்கம் 2.5. பல கார்களின் கிளாக் ஸ்பிரிங் இந்த அளவில்தான் இருக்கிறது.

இதைவிடச் சாமர்த்தியமான இன்னொரு அமைப்பும் உண்டு. நாடாவை உள் உருளையில் ஒரு திசையிலும், நடுவே கொக்கிபோல் வளைத்துத் திருப்பி வெளிச்சுவரில் எதிர்த்திசையிலும் சுற்றிவிடுகிறார்கள். அப்போது உள்சுற்றும் வெளிச்சுற்றும் ஒன்றை ஒன்று கழிப்பதற்குப் பதிலாகக் கூட்டிக்கொள்கின்றன. அதே டப்பாவில் 50 சென்டிமீட்டர் நாடா உள்ளே ஏறத்தாழ 3.2 சுற்றும் வெளியே 1.8 சுற்றும் வரும், கூட்டினால் 5. முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகச் செம்பு மிச்சம், மின்தடையும் அந்த அளவுக்குக் குறைவு. ஆனால் சக்கரம் திரும்பும் ஒவ்வொரு முறையும் அந்தக் கொக்கி வளைவு நாடாவின் மேல் ஊர்ந்து போகிறது. பாலியெஸ்டர் படலங்களுக்கு நடுவில் இருக்கும் செம்புப் பட்டை தலைமுடி அளவே தடிமன் கொண்டது என்பதால் அந்த வளைவைப் பல லட்சம் தடவை தாங்குகிறது. கொஞ்சம் தடித்திருந்தால் கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்பதுபோல் சீக்கிரமே ஒடிந்திருக்கும்.

மேலே சொன்ன 5 சுற்றை ஸ்டியரிங்கின் சுற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பவர் ஸ்டியரிங் உள்ள கார் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குச் சுமார் 3.5 சுற்று திரும்புகிறது; நடுவிலிருந்து ஒரு பக்கத்துக்கு 1.75. நாடாவின் இருப்பு 2.5. மிச்சம் முக்கால் சுற்று. கிளாக் ஸ்பிரிங்கைப் பொருத்தும்போது நடு நிலையிலிருந்து ஒரே ஒரு சுற்று தவறினால், அந்த முக்கால் சுற்று போதாது. பொருத்திய அன்று எல்லாம் சரியாகவே இருக்கும். குறுகலான சந்தில் முதல் முறை முழு ஒடிப்பு ஒடிக்கும்போது நாடா இழுபட்டு அறும். புதுப் பாகம் ஒரு வாரத்தில் போய்விட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் பலருடைய கதை இந்தக் கால் சுற்றுப் பற்றாக்குறையில்தான் தொடங்குகிறது.

ஒழுங்காகப் பொருத்திய நாடாவும் ஒருநாள் சோர்ந்துபோகும். 2014 ஏப்ரலில் டொயோட்டா பல குறைகளுக்காக உலகெங்கும் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தது. அவற்றில் சுமார் 35 லட்சம் கார்களில் குற்றவாளி ஸ்பைரல் கேபிள். இந்தியாவில் ஓடிய இன்னோவாக்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. 2015இல் ஃபோக்ஸ்வாகன் அமெரிக்காவில் சுமார் 4,20,000 கார்களை அழைத்ததற்குக் காரணம் தூசு துரும்பு: டப்பாவுக்குள் புகுந்த குப்பை நாடாவைக் கிழித்து ஏர்பேக்கின் தொடர்பை அறுத்துவிடக்கூடும். 2017 அக்டோபரில் மெர்சிடிஸ் பென்ஸ் உலகளவில் 10 லட்சத்துக்கும் அதிகமான கார்களை அழைத்தது இன்னும் கவலை தரும் விஷயத்துக்காக. சுருள் அறுந்து, ஸ்டியரிங் தண்டின் பாகங்களுக்குச் சரியான எர்த்தும் இல்லாமல் போனால், உடலில் சேரும் நிலைமின்சாரம் பற்றவைப்பான் வழியே பாய்ந்து மோதல் இல்லாமலே பையை வெடிக்கச் செய்யலாம் என்பது அதன் சாரம். அறுந்த கிளாக் ஸ்பிரிங்கை ஹார்ன் போன சின்னக் கோளாறாக நினைத்துத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

சுருள் கெடும்போது அறிகுறிகள் பெரும்பாலும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். சக்கரத்தைத் திருப்பினால் காகிதம் உரசும் ஓசை. ஹார்ன் ஒரு கோணத்தில் அடிக்கும், இன்னொரு கோணத்தில் அடிக்காது. பாட்டின் ஒலியைக் கூட்டும் பட்டனை அழுத்தினால் அடுத்த பாட்டு ஓடும். டேஷ்போர்டில் ஏர்பேக்குக்கான எஸ்.ஆர்.எஸ். விளக்கு, சாவி திருப்பியதும் சில விநாடி எரிந்து அணைய வேண்டியது, அணையாமல் நிற்கும். ஸ்கேனரை மாட்டினால் பி வரிசைக் குறியீடு ஒன்று, ஓட்டுநர் ஏர்பேக் சுற்றில் மின்தடை அதிகம் அல்லது சுற்றே திறந்திருக்கிறது என்று சொல்லும். ஏர்பேக்கின் கட்டுப்பாட்டுப் பெட்டி கார் ஓடும் நேரமெல்லாம் பற்றவைக்கப் போதாத மிகச் சிறிய மின்னோட்டத்தை அந்தச் சுற்றில் அனுப்பி மின்தடையை அளந்துகொண்டே இருக்கிறது. சுற்றின் மொத்த அளவே சில ஓம்தான் என்பதால் ஓரிரு ஓம் கூடினாலும் அதற்குத் தெரிந்துவிடும்.

பட்டன் மாறி வேலை செய்வது விசித்திரமாகத் தோன்றும். அதற்கு நேரான விளக்கம் இருக்கிறது. பல கார்களில் பத்து பட்டனுக்குப் பத்து வயர் போவதில்லை, இரண்டே வயர்தான். ஒவ்வொரு பட்டனிலும் ஒவ்வொரு அளவு மின்தடை. மியூசிக் சிஸ்டம் 5 வோல்ட்டை 1000 ஓம் வழியாக அனுப்பி, எவ்வளவு வோல்ட் மிஞ்சுகிறது என்பதை வைத்து எந்தப் பட்டன் என்று அறிகிறது. உதாரணத்துக்கு, ஒலி கூட்டும் பட்டன் 100 ஓம் என்றால் 0.45 வோல்ட் வரும். அடுத்த பாட்டு 330 ஓம் என்றால் 1.24 வோல்ட் வரும். பாதி அறுந்த நாடா நடுவில் 200 ஓம் சேர்த்துவிட்டால் ஒலி பட்டனின் 100 ஓம் 300 ஓமாகி 1.15 வோல்ட்டைக் காட்டும். சிஸ்டத்துக்கு அது அடுத்த பாட்டுதான். பட்டனைக் கழற்றித் துடைத்துப் பயனில்லை. கோளாறு அதற்குப் பின்னால், சுருளில் இருக்கிறது.

மாற்றும் வேலை ஏர்பேக்கைச் செயலிழக்க வைப்பதில் தொடங்குகிறது. முன்சக்கரங்களை நேராக நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும். மோதலில் பேட்டரி நசுங்கினாலும் பை விரிய வேண்டும் என்பதற்காகக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் மின்தேக்கி ஒன்று மின்னூட்டத்தைச் சேமித்து வைத்திருக்கும். அது வடிய டொயோட்டாவின் கையேடு 90 விநாடி என்கிறது, ஹோண்டா 3 நிமிடம் என்கிறது. வேறு சில நிறுவனங்கள் இன்னும் கூடுதலாகக் கேட்கின்றன. அந்தந்தக் காரின் கையேட்டில் உள்ள நேரத்தைக் குறைக்க எந்தக் காரணமும் நியாயமாகாது. பையைக் கையாளும் முன் காரின் உடல் இரும்பைத் தொட்டு, கையில் சேர்ந்த நிலைமின்சாரத்தை இறக்கிவிடுவது நல்லது.

ஸ்டியரிங் சக்கரத்தின் பக்கவாட்டிலோ பின்புறத்திலோ உள்ள திருகுகளைத் தளர்த்தினால், அல்லது துளை வழியே கிளிப்பை அழுத்தினால், ஏர்பேக் முன்னால் வரும். அதன் பின்னால் வயர்களை இணைக்கும் மஞ்சள் நிறக் கப்ளர். மஞ்சள், ஏர்பேக் சுற்றின் அடையாள நிறம். பூட்டை முதலில் தூக்கிவிட்டு, வயரைப் பிடிக்காமல் கப்ளரைப் பிடித்து எடுக்க வேண்டும். கழற்றியதும் கப்ளருக்குள் இருக்கும் ஒரு சிறு வில்தகடு இரு முனைகளையும் தானே இணைத்துவிடும். இரு முனையும் ஒன்றாகிவிட்டால் நிலைமின்சாரம் பற்றவைப்பான் வழியே ஓட வாய்ப்பில்லை. கழற்றிய பையை மெத்தென்ற முகம் மேலே பார்க்க வைக்க வேண்டும். முகம் கீழாக வைத்திருக்கும்போது அது விரிந்தால் கனமான உலோகப் பகுதி ஏவுகணைபோல் மேலே வரும்.

நடு நட்டை முழுக்கக் கழற்றாமல் சில புரிகள் விட்டுவைத்து, சக்கரத்துக்கும் தண்டுக்கும் ஒரே நேர்கோட்டில் குறி போட்டு, புல்லர் வைத்து இழுக்க வேண்டும். சுத்தியல் கூடாது; மோதலில் மடங்குவதற்காக வடிவமைக்கப்பட்ட தண்டு அது. மூடிகளை எடுத்தால் கிளாக் ஸ்பிரிங் வெளிப்படும். கீழ்ப்பக்கக் கப்ளர்களை உருவி, கிளிப்புகளை விலக்கினால் கையோடு வரும். புதுப் பாகம் நடு நிலையில் ஊசியோ ஒட்டுநாடாவோ போட்டுப் பூட்டப்பட்டு வரும். தண்டில் உட்காரும் வரை அந்தப் பூட்டை எடுக்கக் கூடாது. யாரோ முன்பே எடுத்திருந்தால், ஒரு பக்கமாக மென்மையாகச் சுற்றி, அது நிற்கும் இடத்திலிருந்து எதிர்ப்பக்கம் கையேடு சொல்லும் அளவு, பெரும்பாலும் 2.5 சுற்று, திருப்பி, டப்பாவின் மேலிருக்கும் குறிகளை நேராக்க வேண்டும்.

எல்லாம் கழற்றி வைத்த இந்த நேரத்தில்தான் பலருக்கு அந்த ஏமாற்றம் வருகிறது: புதுப் பாகத்தின் கப்ளர் காரின் கப்ளரோடு சேரவில்லை.

அதே கார், அதே ஆண்டு, அதே பெயர் போட்ட அட்டைப்பெட்டி, ஆனால் சேரவில்லை. காரணம், ஒரே மாடலுக்குள் பல கிளாக் ஸ்பிரிங்குகள் இருக்கின்றன. அடிப்படை வேரியண்டில் ஏர்பேக்கும் ஹார்னும் மட்டும். மேல் வேரியண்டில் ஆடியோ பட்டன், குரூஸ் கண்ட்ரோல், ஃபோன் பட்டன். சில ஏர்பேக்குகள் ஒரே வேகத்தில் விரிபவை, பற்றவைப்பான் ஒன்று, வயர் இரண்டு. சில, மோதலின் கடுமைக்கேற்ப இரண்டு கட்டமாக விரிபவை, பற்றவைப்பான் இரண்டு, வயர் நான்கு. சிலவற்றில் ஸ்டியரிங் கோண சென்சார் டப்பாவுக்குள்ளேயே அடக்கம். இடது கை ஓட்டும் நாட்டுக்கான பாகத்தில் பொருத்தும் கால்களும் வயர் வெளிவரும் பக்கமும் மாறியிருக்கலாம். ஆண்டின் நடுவில் நிறுவனமே வடிவத்தைத் திருத்தியிருக்கலாம். டொயோட்டாவின் பாக எண்ணில் 84306 என்ற முதல் ஐந்து இலக்கம் அது ஸ்பைரல் கேபிள் என்பதை மட்டும் சொல்லும். எந்தக் காருக்கு, எந்த வேரியண்டுக்கு என்பதைச் சொல்பவை அதற்குப் பின்னால் வரும் குறிகள்தான். கடையில் முன்பாதியை மட்டும் பார்த்து எடுத்துக் கொடுத்தால் நடப்பது இதுதான். மாடலையும் ஆண்டையும் சொல்லிக் கேட்பதைவிட, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள 17 இலக்கச் சேசிஸ் எண்ணைக் கொடுத்துக் கேட்பதும், பழைய பாகத்தின் மேல் ஒட்டியுள்ள எண்ணைக் கடைசி எழுத்துவரை ஒப்பிடுவதும் இந்தத் தொல்லையைப் பெரும்பாலும் தவிர்த்துவிடும்.

சேராத கப்ளரை முதலில் கவனித்துப் பார்க்க வேண்டும். கப்ளரின் பக்கங்களில் இருக்கும் வரப்புகளும் பள்ளங்களும் அழகுக்காக வைக்கப்பட்டவை அல்ல. தவறான சுற்றோடு தவறான பாகம் சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காக வடிவமைப்பாளர் போட்டுவைத்த பூட்டு அது. இரண்டு கட்ட ஏர்பேக்கின் இரு கப்ளர்களும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையாதபடி வரப்பை வேறுபடுத்தியிருப்பார்கள். ஆகவே பிளேடால் வரப்பைச் சீவி உள்ளே தள்ளுவதென்பது, சுவரில் ‘வேண்டாம்’ என்று எழுதியிருப்பதை அழித்துவிட்டு உள்ளே போவது போன்றது. அந்த வரப்பு எந்தச் சுற்றைக் காக்க நிற்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் கத்தியை எடுக்கவே கூடாது.

தெரிந்துகொள்ளும் வழி கடினமானதல்ல. பழைய, புதிய பாகங்கள் இரண்டையும் மேசையில் வைத்து மல்டிமீட்டரை எடுக்க வேண்டும். காரிலிருந்து தனியே கழற்றிய சுருளில் ஓம் அளப்பது ஆபத்தில்லாதது. ஏர்பேக் பையின் முனைகளில் மட்டும் மல்டிமீட்டரை ஒருபோதும் வைக்கக் கூடாது. கையேடுகள் அதை ஒரே குரலில் தடுக்கின்றன. சுருளின் மேல்பக்கக் கப்ளரில் ஒரு பின்னையும் கீழ்ப்பக்கத்தில் ஒவ்வொரு பின்னாகவும் தொட்டு, எது எதோடு சேர்கிறது என்று காகிதத்தில் வரைந்துகொள்ள வேண்டும். நல்ல நாடாவில் ஒரு பாதையின் மின்தடை 1 ஓமுக்கும் கீழே இருக்கும். அளக்கும்போதே சுருளை மெதுவாக இரு பக்கமும் திருப்பிப் பார்த்தால், பழைய பாகத்தில் எந்தக் கோணத்தில் செம்பு விட்டுப்போகிறது என்பதும் தெரியும். பிறகு காரின் வயரிங் படத்தை எடுத்து, ஒவ்வொரு பாதைக்கும் பெயர் எழுத வேண்டும்: ஹார்ன், எர்த், ஆடியோ, குரூஸ், விளக்கு, ஏர்பேக். இந்த ஒரு மணி நேர வேலையைச் செய்தவருக்குப் பொருந்தாமையின் காரணம் காகிதத்திலேயே தெரிந்துவிடும்.

புதுப் பாகத்தில் பின் அதிகம், கப்ளரின் வெளிவடிவம் ஒன்றே என்றால், அது மேல் வேரியண்டுக்கான பாகம். கூடுதல் பாதைகள் சும்மா கிடக்கும். பொதுவான பாதைகள் அதே இடத்தில் இருந்தால் கெடுதல் இல்லை. பின் குறைவு என்றால் ஏதோ ஒரு வசதி நிச்சயம் செத்துப்போகும், அது எது என்று வரைபடம் சொல்லும். மஞ்சள் கப்ளர் இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றே இருந்தால் பேச்சுக்கே இடமில்லை. பாகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.

அடிப்படை வேரியண்ட் வாங்கியவர்கள் பிறகு மேல் வேரியண்டின் பட்டன் வைத்த ஸ்டியரிங்கை வாங்கி மாட்டும் வழக்கம் நம் ஊரில் நிறைய உண்டு. சக்கரம் தண்டில் கச்சிதமாக உட்காரும். பட்டனிலிருந்து வரும் கப்ளருக்குப் பழைய கிளாக் ஸ்பிரிங்கில் எதிர்க் கப்ளர் இருக்காது. சரி என்று கிளாக் ஸ்பிரிங்கையும் மாற்றினால் சிக்கல் ஒரு படி கீழே இறங்கும்: சில கார்களில் எல்லா வேரியண்டுக்கும் ஒரே வயரிங் போட்டிருப்பார்கள், எதிர்க் கப்ளரில் வயர் தயாராகக் காத்திருக்கும், வேறு சிலவற்றில் அந்த ஓட்டைகள் காலியாக இருக்கும். பணம் கொடுக்கும் முன் கீழ் மூடியைத் திறந்து அந்தக் கப்ளரில் வயர் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பது பல ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தும்.

கண்ணுக்குத் தெரியும் பொருந்தாமையைவிட, கப்ளர் சேர்ந்த பிறகு வரும் பொருந்தாமை பொல்லாதது. வடிவம் ஒன்றாக இருந்து பின் வரிசை மாறியிருக்கலாம். ஹார்ன் ரிலேயிலிருந்து வரும் 12 வோல்ட் ஆடியோ பாதையில் நுழைந்தால் மியூசிக் சிஸ்டத்தின் உள்ளீடு கருகும். பின் வரிசை சரியாக இருந்து பட்டன்களின் ஓம் அளவு வேறாக இருந்தால், எதுவும் கருகாது, ஆனால் பட்டன்கள் இடம் மாறிப் பேசும். புதிய கார்களில் பட்டன்கள் ஓம் அளவால் பேசுவதில்லை. லின் என்ற ஒற்றை வயர் வழியே, விநாடிக்கு 20,000 பிட் வரையிலான வேகத்தில், எண்களாகச் செய்தி அனுப்புகின்றன. ஓம் மொழி பேசும் பட்டனை லின் கேட்கும் காரில் மாட்டினால் பதிலே வராது. வயரைத் தேடிக் குறை கண்டுபிடிக்க முடியாது. அங்கே வயரில் குறை இல்லை.

ஹார்ன், ஆடியோ போன்ற சாதாரணப் பாதைகளில் பின் வரிசை மட்டும் மாறியிருந்தால் திருத்த முடியும். கப்ளரின் இரண்டாம் பூட்டைத் தளர்த்தி, மெல்லிய கருவியால் உள்நாக்கை அழுத்தினால் பின் வயரோடு பின்பக்கமாக வெளியே வரும். சரியான ஓட்டையில் செருகி, ‘டக்’ என்று பிடிக்கும் வரை தள்ளி, வயரை மெல்ல இழுத்துப் பார்த்து, இரண்டாம் பூட்டைப் போட வேண்டும். வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றுவதைவிட இது நூறு மடங்கு மேல்.

மஞ்சள் வயரில் இந்தச் சலுகையும் கிடையாது. வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது, பின் மாற்றக் கூடாது. அந்த இரண்டு வயரும் ஒன்றோடொன்று முறுக்கப்பட்டிருப்பது, வெளியிலிருந்து வரும் மின்காந்த அலைகள் இரண்டிலும் சமமாக விழுந்து ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளட்டும் என்பதற்காக. ஒட்டுப்போட்ட இடத்தில் முறுக்கு பிரிகிறது. சால்டர் வைத்த இடத்தில் வயர் விறைத்து, அதிர்வில் அந்த ஓரத்திலேயே ஒடிகிறது. மேலும், கண்காணிப்பு மின்னோட்டம் மிகச் சிறியது. வெள்ளீயம் பூசிய சாதாரணப் பின்னில் அதிர்வு உரசலால் மெல்லிய ஆக்சைடு படியும்போது, அதைத் துளைத்துப் போகும் வலு அதற்கில்லை. ஏர்பேக் பின்களுக்குத் தங்க முலாம் பூசுவது அதனால்தான். கடையில் கிடைக்கும் சாதாரணக் கப்ளரை அங்கே மாட்டினால் முதல் மாதம் நன்றாக இருக்கும். மழைக்காலம் முடிவதற்குள் விளக்கு எரியத் தொடங்கலாம்.

சரியான பாகத்தைப் போட்ட பிறகும் ஏர்பேக் சுற்றில் ஷார்ட் என்று ஸ்கேனர் காட்டினால், பெரும்பாலும் கப்ளர் முழுக்க உட்காரவில்லை என்று பொருள். முன்பு சொன்ன வில்தகடு, எதிர்க் கப்ளர் கடைசி மில்லிமீட்டர் வரை நுழைந்தால்தான் முனைகளை விட்டு விலகும். அரைகுறையாக நின்றால் பின்கள் சேர்ந்தும் தகடு விலகாமல் இரண்டையும் இணைத்தே வைத்திருக்கும். பேட்டரியை மறுபடி கழற்றி, காத்திருந்து, கப்ளரை எடுத்து நேராக அழுத்திப் பூட்டினால் குறியீட்டை அழித்துவிடலாம். குறை சுருளிலா பையிலா என்று பிரித்தறிய, பைக்குப் பதிலாக 2 ஓம் அளவுள்ள சோதனை மின்தடையைச் சக்கரத்தின் கப்ளரில் மாட்டிப் பார்ப்பது பட்டறை முறை. குறியீடு போனால் குறை பையில். நின்றால் சுருளிலோ வயரிங்கிலோ. சோதனை முடிந்ததும் அந்த மின்தடையைக் கழற்றியாக வேண்டும். அதை அப்படியே விட்டு விளக்கை மட்டும் அணைத்துக் காரை விற்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காரை வாங்கி ஓட்டுபவரின் முகத்துக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே எதுவும் இருக்காது என்பதை அறிந்தே செய்யப்படும் வேலை அது. அதைக் குற்றம் என்றே சொல்ல வேண்டும்.

சென்னை புதுப்பேட்டையிலும் பிற ஊர்களின் பழைய பாகச் சந்தைகளிலும் கிளாக் ஸ்பிரிங் பாதி விலைக்கும் கீழே கிடைக்கிறது. கப்ளர் அச்சாகப் பொருந்தலாம். ஆனால் அந்த நாடா எத்தனை லட்சம் தடவை வளைந்தது, விபத்துக்குள்ளான காரிலிருந்து வந்ததா என்பதைப் பார்த்துச் சொல்ல முடியாது. நடு நிலைப் பூட்டும் போயிருக்கும். ஹார்ன் ரிலேயோ கதவுக் கைப்பிடியோ பழையதாக இருக்கலாம். கிளாக் ஸ்பிரிங் அந்த வரிசையில் சேராது.

பொருத்தி முடித்ததும் நடு நட்டைக் கையேட்டில் சொன்ன முறுக்குவிசையில், பல கார்களில் 40 முதல் 50 நியூட்டன் மீட்டரில், இறுக்க வேண்டும். பேட்டரியை இணைத்து, ஏர்பேக்குக்கு நேராக முகத்தை வைக்காமல் பக்கவாட்டில் நின்று சாவியைத் திருப்ப வேண்டும். எஸ்.ஆர்.எஸ். விளக்கு சில விநாடியில் அணைந்தால், எஞ்சினை ஓட்டி, சக்கரத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நிதானமாகத் திருப்பி, நடுவிலும் இரு கோடியிலும் ஹார்னையும் ஒவ்வொரு பட்டனையும் அழுத்திப் பார்க்க வேண்டும். கோண சென்சார் அடங்கிய பாகம் என்றால் ஸ்கேனர் வழியே அதன் பூஜ்ய நிலையைக் காருக்குக் கற்றுக்கொடுத்தால்தான் கார் வழுக்காமல் காக்கும் இ.எஸ்.பி. அமைப்பின் விளக்கு அணையும். அதுவரை பழைய சுருளைக் குப்பையில் போடாமல் வைத்திருப்பது நல்லது. அதன் மேல் ஒட்டியிருக்கும் எண்ணும், அதன் கப்ளரின் வரப்புகளும் அந்தக் காரைப் பற்றிக் கையில் இருக்கும் சரியான ஆவணங்கள்.